கீரி அணி ஒரே ஒருமுறை வென்ற வருடம்

புரொண்பி மண்டபத்தில் போன மாதம் நம்மில் ஒருவனுடைய ஐம்பதாவது பிறந்தநாள் நடந்ததே, அன்று நான் பாதிச் சோற்றில் எழுந்து கைகழுவப் போய்த் திரும்பி வராததற்குக் காரணம் நீங்கள் பேசிக்கொண்டது அல்ல. கணவாய்க் கறியில் ஒரு பழுதும் இல்லை. எங்கள் மேசையில் யாரோ ஒருவருடைய மகன் கைபேசியில் ஒரு அமெரிக்கக் கால்பந்து அணியின் பழைய பருவங்களைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். வருடம், வெற்றி, தோல்வி. அடுத்த வருடம், வெற்றி, தோல்வி. அவ்வளவுதான் நடந்தது. பேரப்பிள்ளை காணும் வயதில், கதவுக்குள் நுழைய ஒருபக்கமாகத் திரும்ப வேண்டிய உடம்போடு, நான் கழிவறையைத் தேடி ஓடினேன்.

எனக்குப் பயம் வந்தால் நெஞ்சு படபடக்காது, வயிறுதான் பேசும். அது பத்து வயதில் பிடித்த வருத்தம். உங்களுக்கும் அந்த மாரிகாலம் நினைவிருக்கும். நம்மில் பாதிப்பேர் அந்த எண்பத்தைந்து, எண்பத்தாறில்தான் கிழக்கு பெர்லின் வழியாகக் கையில் ஒரு பையோடு டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தோம். ஒவ்வொருவரையும் ஒவ்வொரு ஊரில் இறக்கிவிட்டார்கள். என்னையும் அப்பாவையும் விபோர்க்குக்குப் போகும் வழியில் மூடிக்கிடந்த ஒரு முதியோர் இல்லத்தில் விட்டார்கள். அம்மாவும் நாலு வயதுத் தங்கையும் யாழ்ப்பாணத்தில். அப்பாவின் விசாரணை முடிந்து, இருக்க அனுமதி கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். அந்த மாரி முழுக்க எங்களுக்கு இருந்த ஒரே அலுவல் அதுதான்.

அந்தக் கட்டடத்தின் மணம் இப்போதும் மூக்கில் நிற்கிறது. சவர்க்காரம், பழைய தைலம், அவற்றுக்கு மேலே எங்கள் ஆட்கள் வறுத்த மிளகாய்த்தூள். நடைவழிச் சுவரெல்லாம் கிழவர்கள் பிடித்து நடப்பதற்குக் கம்பி. கழிவறைகளில் கூரையிலிருந்து ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். விழுந்தவர்கள் இழுத்தால் தாதி ஓடிவருவதற்காம். நாங்கள் இழுத்தால் எங்கோ ஒரு மணி கிணுகிணுக்கும், ஒருவரும் வரமாட்டார்கள். நாளுக்கு நாலு தரமாவது இழுத்துப் பார்ப்பேன்.

அப்பா பஸ் சாரதி. இருபது வருடம் டிப்போவில் ஓட்டியவர். அங்கே வந்தபிறகு கட்டில் நுனியில் சன்னலைப் பார்த்தபடி இருப்பார். வெளியே ஒரு வாகனம் ஏற்றத்தில் முனகினால் அவருடைய இடது கை தன்பாட்டில் கியர் மாற்றும். மூக்குக்கண்ணாடி பெர்லினில் யாரோ மிதித்து உடைந்துவிட்டது, புதியது வரவேண்டும். அதனால் கடிதம் வந்தால் நான்தான் உரத்து வாசிப்பேன். அப்பா வாய் திறந்து பேசுவது அபூர்வம். எங்கள் அறையில் மூன்றாவது ஆள் ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். அவர் அப்பாவுக்கும் சேர்த்துப் பேசுவார்.

அப்பாவின் முதல் விசாரணை கார்த்திகையில் நடந்தது. சரியாக நடக்கவில்லை. ஊரில் இராணுவம் உங்களைப் பிடித்து வைத்திருந்தது எந்த வருடம் என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா, மூக்கு நீண்ட பஸ் ஓட்டின காலம் என்றிருக்கிறார். அது எந்த வருடம்? அதன் கியர்பெட்டி உடைந்து, மற்றப் பஸ் வருவதற்கு முன்னம். அந்த மனிதருக்கு வருடங்கள் இல்லை, பஸ்கள்தான் இருந்தன. என்னுடைய பிறப்பைக்கூடப் பின்கதவு பூட்டாத பஸ்ஸின் காலத்தில்தான் வைத்திருந்தார். அதிகாரி பேனையை மூடிவிட்டு, மாசியில் திரும்ப வாருங்கள், வருடம் மாதத்தோடு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

மனேச்சர் தலையில் கைவைத்தார்.

“அண்ணை, வெள்ளைக்காரனுக்கு உங்கடை பஸ் தேவையில்லை, திகதி வேணும். ஒண்டைச் சொன்னால் அதிலையே நிக்கவேணும். மாத்தினால் முழுக்கதையும் பொய் எண்டு எழுதிப்போடுவான்.”

இது மனேச்சரின் கண்டுபிடிப்பு அல்ல. எல்லா அகதி முகாமிலும் எல்லா அறையிலும் அப்போது இதுதான் வேதம். சொன்ன திகதியை மாற்றாதே. உங்கள் அப்பாமாருக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

இனி அந்தப் புத்தகம். இல்லத்தின் கீழ்த்தளத்தில் பழைய உடுப்புகள் கொடுக்கும் அறை ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் கோப்பி மணக்கும் ஒரு பெரிய டெனிஷ் அம்மா. நான் கையுறை கேட்கப் போனேன். ஒரு சோடி தந்தார். இரண்டும் இடது கைக்கானவை. என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு, அமெரிக்காவிலிருந்து யாரோ ஒருவருடைய உறவினர் அனுப்பிய பெட்டியின் அடியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துத் தந்தார். பின்னட்டையில் கோப்பிக் கோப்பை வைத்த வட்டக் கறை. உள்ளே ஒரு அமெரிக்கக் கால்பந்து அணியின் வரலாறு. பருவத்துக்கு இரண்டு பக்கம். யாரோடு ஆடினார்கள், எங்கே வென்றார்கள், எப்படித் தோற்றார்கள், யாருக்கு எலும்பு முறிந்தது, எந்தப் பயிற்சியாளரைத் துரத்தினார்கள் எல்லாம் இருந்தது. அவர்கள் தலைக்கவசத்தில் ஒரு மிருகம். வாலும் பல்லும் இருந்ததால் அது கீரி என்று நான் தீர்மானித்தேன். அமெரிக்காவில் கீரி இல்லை என்பது பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் அறையில் அது கடைசிவரை கீரி அணிதான்.

எனக்கு அப்போது ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். மனேச்சர் பின்னேரங்களில் வாசித்துச் சொல்வார். விளையாட்டின் விதி அவருக்கும் தெரியாது. படங்களைப் பார்த்துப் பார்த்து மூன்று நாளில் கண்டுபிடித்துவிட்டார்.

“இது பந்தடி இல்லை தம்பி, வேலிச் சண்டை. நாலு தரம் முட்டிப் பாக்கலாம். அதுக்குள்ளை வேலியைப் பத்து யார் தூரம் தள்ளிப்போட்டால் இன்னும் நாலு தரம் முட்ட விடுவாங்கள். தள்ளாட்டிக் காணி மற்றவனுக்கு. இதிலை ஒரு வசதி, வழக்குத் தீர்க்கிறவன் விசிலோடை பக்கத்திலையே நிக்கிறான்.”

இன்றுவரை இதைவிடத் தெளிவாக அந்த ஆட்டத்தை எனக்கு யாரும் விளங்கப்படுத்தவில்லை. அப்பா சன்னல் பக்கமிருந்து முதல்முறையாகத் தலையைத் திருப்பினார். “எல்லைக்கல்லைப் பிடுங்கினால்?” என்று கேட்டார்.

அந்தத் தலை திரும்பிய இடத்தில்தான் என் குறுக்குப் புத்திக்கு வெளிச்சம் வந்தது. அப்பாவுக்குத் தன் வருடம் நினைவில்லை, சரி. ஆனால் கீரி அணியின் வருடங்கள் கதையோடு வருகின்றன. கதைக்குப் பக்கத்தில் அப்பாவின் பஸ்ஸைக் கட்டிவிட்டால்? பள்ளிக்கூடக் கொப்பியின் நடுத்தாளைக் கிழித்து, இடப்பக்கம் கீரி, வலப்பக்கம் அப்பா என்று கோடு போட்டேன். உலகத்தைத் திருத்தப் பிறந்தவன் என்ற நினைப்பு எனக்கு அப்போதே இருந்தது.

அணி தொடங்கியது தெற்கே ஒரு ஆலை நகரத்தில், சேற்று மைதானத்தில். அது அப்பா டிப்போவில் சேர்ந்த வருடம். நாலாவது பருவத்தில் பார்வையாளர் வரவில்லை என்று தலைக்கவசங்களை லொறியில் ஏற்றிக்கொண்டு வடக்கே ஏரிக்கரையில் ஒரு குளிர் நகரத்துக்குப் போய்விட்டார்கள். அது அப்பாவுக்கு வவுனியாவுக்கு மாற்றல் வந்த வருடம். மனேச்சர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு சொன்னார், ஊர் மாறியும் இவர்கள் கணக்கைப் புதிதாகத் தொடங்கவில்லை, பழைய ஊரில் தோற்றதையும் சேர்த்தேதான் எழுதுகிறார்கள் என்று. அது அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. “அதுதான் முறை” என்றார்.

இறுதியாட்டம் வரை போய்க் கடைசி உதையில் கோப்பையை விட்ட பருவம் அம்மாவைக் கலியாணம் செய்த வருடம். “பொருத்தமாத்தான் இருக்கு அண்ணை” என்று மனேச்சர் சொல்ல, அப்பா சிரித்தார். டென்மார்க்கில் அவர் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். பந்தெறிகிறவனுக்குத் தோள் இறங்கிய பருவம் நான் பிறந்த வருடம். யார் யாருக்கு எது இறங்கியது என்று அதற்கும் ஒரு பகிடி. இப்படி ஒவ்வொரு பருவமாக வர வர, அப்பா பஸ்ஸைச் சொல்ல நான் எழுத, தைப்பொங்கல் வரும்போது தாளில் ஒரு வாழ்க்கை நிரம்பியிருந்தது. அப்பா தன்னைப் பற்றி என்னோடு அவ்வளவு பேசியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஆமி பிடித்த கதையும் அப்படித்தான் வந்தது. பஸ்ஸை மறித்து அப்பாவையும் கொண்டக்டரையும் இறக்கிக் கொண்டுபோனார்களாம். பதினொரு நாள். உள்ளே என்ன நடந்தது என்று சொல்லவில்லை. ஒன்றை மட்டும் சொன்னார்.

“பஸ் எஞ்சின் ஓடினபடி றோட்டிலை நிண்டது அப்பன். ஆராவது நிப்பாட்டியிருப்பினமோ எண்டுதான் பதினொரு நாளும் யோசிச்சனான்.”

நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? எவ்வளவு டீசல் போயிருக்கும் என்று ஒரு பகிடி விட்டேன். அப்பா அதைக் கணக்காகவே எடுத்துக்கொண்டு யோசிக்கத் தொடங்கினார்.

அது எந்த வருடம்? மூக்கு நீண்ட பஸ்ஸின் கடைசிக் காலம். எண்பதோ எண்பத்தொன்றோ, அப்பாவுக்கு நிச்சயமில்லை. நான் புத்தகத்தைப் புரட்டினேன். எண்பத்தொன்றில் கீரி அணி மோசமில்லை. பாதி வென்று பாதி தோற்றிருந்தது. எண்பதிலோ, ஒரே ஒரு வெற்றி. அந்தப் பக்கத்தில் ஒரு படம்: பனிகொட்டும் மைதானத்தில் ஒரு ஆட்டக்காரன் வாங்கில் தனியாக இருக்கிறான், தலைக்கவசம் மடியில், கவசத்தின்மேல் பனி. கட்டில் நுனியில் இருக்கும் அப்பாவை அச்சில் வார்த்ததுபோல. இவ்வளவு அழகாகப் பொருந்துகிற வருடத்தை விட்டுவிட்டுப் பாதிப்பாதி வருடத்தை யாராவது எடுப்பார்களா?

“எண்பதுதான் அப்பா. வடிவாப் பொருந்துது.”

“வடிவா யோசிச்சனியே?”

“ஓம்.”

“அப்ப எண்பது.” பிறகு கேட்டார், “அந்த ஒண்டை ஆரோடை வெண்டவங்கள்?”

மனேச்சர் வாசித்துச் சொன்னார். பருவம் முடிய ஒரு ஆட்டம் இருக்கையில், சொந்த மைதானத்தில், பனிக்குப் பயந்து ஒருவரும் வராத நாளில், வென்றும் ஒரு பயனும் இல்லாத ஒரு ஆட்டத்தை வென்றிருந்தார்கள். “ஆளில்லாத பஸ்ஸை நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டமாதிரி” என்றார் அப்பா.

தை கடைசியில் அப்பா கிளிப்பிள்ளை போல் ஒப்புவித்தார். மற்ற அறைகளிலிருந்து ஆட்கள் வந்து, சாரதி அண்ணை, எழுபத்தேழு என்ன என்று கேட்பார்கள். கீரி ஏழாம் இடம், பிறேக் பிடிக்காத பஸ், மாமனார் காலமானது என்று பிசகாமல் வரும். எனக்குத் தலை வீங்கிவிட்டது. சாப்பாட்டு அறையில் எனக்குக் கறுப்பு ரொட்டிக்குப் பதிலாக வெள்ளை ரொட்டியை எடுத்துவைத்தார்கள்.

விசாரணைக்கு முதல்நாள் அம்மாவின் நீலக் கடிதம் வந்தது.

வழமைபோல நான் உரத்து வாசித்தேன். எல்லோரும் சுகம். தங்கை கீழ்ப்பல்லில் ஒன்றை விழுந்து உடைத்துக்கொண்டாள். அடுத்த வரி: “அவையிட்டை ஒண்டு மறக்காமல் சொல்லுங்கோ, உங்களை வைச்சிருக்கேக்கை நான் சின்னவளை ஏழு மாசம் வயித்திலை வைச்சுக்கொண்டு ஆமி முகாம் வாசலிலை நிண்டதை.”

தங்கை பிறந்தது எண்பத்தொன்று ஐப்பசி. அது எனக்கு நன்றாகத் தெரியும், பிறந்தநாள் விண்ணப்பத்திலும் இருந்தது. ஏழு மாதம் என்றால் ஆவணி. எண்பத்தொன்று ஆவணி. பாதி வென்று பாதி தோற்ற அந்த ஒன்றுக்கும் உதவாத வருடம்.

ஒரு மூச்சு இழுக்கிற நேரம்தான். அந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன். எங்கள் வீட்டு ஆட்டுக்கு என்ன வருத்தம் என்று வாசித்தேன்.

ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், நாற்பது வருடமாக நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு விசாரணை, இனி மாற்றினால் அப்பா எல்லா வருடத்தையும் குழப்பிவிடுவார் என்று நினைத்தேன் என்று சொல்லலாம். கேட்க நன்றாக இருக்கும். உண்மை அதைவிடச் சின்னது. அந்தத் தாள் அவ்வளவு அழகாக இருந்தது. வெள்ளை ரொட்டி வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை அப்பா மனேச்சரின் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். வான் வளைவில் மறைந்ததும் நான் கழிவறைக்குள் போனேன். போனவன் போனவன்தான். குடல் வெளியே வந்துவிடும், நான் செத்துவிடுவேன், செத்த இடத்தில் என்னை டெனிஷ் முறையில் புதைப்பார்கள் என்றெல்லாம் யோசித்துப் பயந்து, சிவப்புக் கயிற்றை இழுத்தேன். விட்டு விட்டு இழுத்தேன். மாதக்கணக்காக ஒருவரும் வராத அந்த மணிக்கு அன்றைக்குப் பார்த்து ஆள் வந்தது. உடுப்பு அறை அம்மா, கையில் மடித்த கம்பளிகளோடு, மூச்சிரைக்க.

நான் காற்சட்டையைப் பிடித்தபடி நின்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தமிழில். கீரி அணி, மூக்கு நீண்ட பஸ், ஏழு மாதம், தாண்டிய வரி, ஒன்றையும் விடவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த முழுமையான ஒப்புதல் அதுதான். கோயிலில்கூட இவ்வளவு சொன்னதில்லை. அவர் “யா, யா” என்று ஒவ்வொரு இடத்திலும் சரியாகத் தலையாட்டினார். முகத்தைத் துடைத்துவிட்டு, கீழே அழைத்துப்போய், பெட்டிகளைக் கிளறி, வலது கைக்கான ஒரு கையுறையைக் கண்டுபிடித்துத் தந்தார். அதற்காகத்தான் அழுகிறேன் என்று விளங்கிக்கொண்டிருக்கிறார். அதைப் போட்டுக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதேன்.

அப்பா பின்னேரம் வந்தார். பையிலிருந்து ஒரு கறுப்பு இனிப்பை எடுத்துத் தந்தார். விசாரணை அறையில் ஒரு தட்டில் வைத்திருந்தார்களாம். அந்த உப்பு லாக்ரிஸ். வாயில் போட்டதும் துப்பினேன்.

“உன்ரை வருசத்தையே சொன்னன்” என்றார். “கடைசிவரை மாத்தேல்லை.”

மனேச்சர் கைகொடுத்தார். அப்பா கோட்டைக் கழற்றி மடித்து, அவருடைய கட்டிலில் வைத்துவிட்டு, சன்னல் பக்கம் போனார்.

பத்து நாளில் அப்பாவின் புதுக் கண்ணாடி வந்தது. அது வருவதற்கு முதல்நாளே நான் அம்மாவின் கடிதத்தைப் புத்தகத்தில் எண்பதாம் வருடப் பக்கத்துக்குள் வைத்து, புத்தகத்தை உடுப்பு அறையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரவல் பொருளைச் சொல்லாமலே திருப்பிக் கொண்டுவந்த பிள்ளை என்று அந்த அம்மா மெச்சி ஒரு அப்பிள் தந்தார். அடுத்த கிழமை அந்தப் பெட்டிகள் லொறியில் எங்கோ போய்விட்டன. ஸ்கீவ என்ற ஊர்ப் பக்கம் என்றார்கள். அந்தப் படம், அந்தக் கோப்பி வட்டம், அம்மாவின் சாய்ந்த எழுத்து எல்லாம் ஒன்றாகப் போயின.

அப்பா கண்ணாடியைப் போட்டதும் முதலில் கேட்டது, அந்தக் கடிதம் எங்கே என்பதுதான். தொலைந்துபோய்விட்டது என்றேன். புதுக் கண்ணாடிக்குள் அவருடைய கண்கள் மிகப் பெரிதாகத் தெரிந்தன.

“எல்லாத்தையும் வாசிச்சனிதானே, அப்பன்?”

“ஓம் அப்பா.”

“சரி.”

முடிவு வரவில்லை. பிறகு வந்தது, மேலும் விளக்கம் வேண்டும் என்றிருந்தது. பிறகு இன்னொரு விசாரணை, இன்னொரு காத்திருப்பு. இதற்கெல்லாம் என்னுடைய தாள்தான் காரணம் என்று நான் பெருமையடிக்க முடியாது. ஒரு திகதிகூடப் பிசகாத உங்கள் சிலருடைய அப்பாமாரும் அதைவிடக் காத்திருந்தார்கள். ஆனாலும், அம்மாவும் தங்கையும் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது தங்கைக்கு ஏழு வயது நெருங்கியிருந்தது. உடைந்த பல் விழுந்து புதுப் பல் முளைத்திருந்தது. அப்பா அவளைத் தூக்கக் குனிந்தார். அவள் அம்மாவுக்குப் பின்னால் போய் நின்று, “இவர் ஆர்?” என்று கேட்டாள். அப்பாவை அல்ல, என்னைப் பார்த்துத்தான் கேட்டாள் என்று இந்தக் கதையை எத்தனையோ விழாக்களில் சொல்லி உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். இல்லை. அப்பாவைத்தான் கேட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு என்ன பிரச்சினை என்றால், அம்மா அந்த முகாம் வாசல் கதையை எடுத்துவிடுவார். யாராவது விருந்தாளி வந்தால் போதும், இவளை வயித்திலை வைச்சுக்கொண்டு வெயிலுக்கை நிண்டன் என்று தொடங்குவார். உடனே நான் ஒரு பகிடியோடு குறுக்கே பாய்வேன். வீட்டில் நான் கோமாளியான வரலாறு அதுதான். திறமையால் வந்தது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். ஒருமுறை விருந்தாளி ஒருவர் அது எந்த வருடம் அக்கா என்று கேட்டார். அம்மா அப்பாவைப் பார்த்தார். நான் பகிடி வராமல் திக்கினேன். அப்பா, “எனக்கு வருசம் நினைவில்லை” என்றார். திங்கட்கிழமை தவறாமல் தொலைக்காட்சியில் எழுத்தாக வரும் செய்திப் பக்கத்தில் கீரி அணியின் முடிவைத் தேடிப் பார்த்து, தொடக்கத்திலிருந்து எல்லாப் பருவத்தையும் சொல்லக்கூடிய மனிதர் அவர். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

அப்பா போய் இரண்டு வருடமாகிறது. அவருடைய பழைய விசாரணைக் கோப்பின் நகலை நான் எழுதிக் கேட்டிருந்தேன். இந்தச் சித்திரையில் மண்ணிறக் கடித உறையில் வந்தது. பிரிக்கப் பயந்து காருக்குள் ஒரு கிழமை வைத்திருந்து, கடைசியில் அதையும் கொண்டு விபோர்க்கில் அம்மாவிடம் போனேன். அம்மா குசினி மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கடைக்காரன் ஆய்ந்து கழுவிப் பையில் போட்டு விற்கிற கீரைதான். அதையும் அவர் ஒருதரம் ஆய்வார்.

மாசி விசாரணையின் மூன்றாவது பக்கத்தில் அது இருந்தது. தட்டச்சில், டெனிஷில், பட்டும் படாத நடையில். விண்ணப்பதாரர் தன் மனைவி அப்போது கர்ப்பிணியாக முகாம் வாசலில் நின்றதாகச் சொல்கிறார். மகள் பிறந்த திகதி காட்டப்பட்டு, அது அவர் கூறும் வருடத்தோடு பொருந்தவில்லை என்று சொல்லப்படுகிறது. விண்ணப்பதாரர் நீண்ட நேரம் மௌனமாக இருக்கிறார். வருடம் சரி என்கிறார். தன் கூற்றைத் திருத்துகிறார்: மனைவி அங்கே இருக்கவில்லை.

வருடத்தைத் திருத்தியிருக்கலாம். ஒரு எண். அவர் என் எண்ணை வைத்துக்கொண்டு, அம்மாவை வாசலிலிருந்து எடுத்துவிட்டார்.

“என்ன எழுதியிருக்கு, மோனை?” என்றார் அம்மா. “நான் வாசலிலை நிண்டதை அந்த மனிசன் சொன்னவரோ?”

வயிறு பேசத் தொடங்கியது. அந்த வீட்டுக் கழிவறையில் சிவப்புக் கயிறு கிடையாது.

“ஓம் அம்மா. இருக்கு.”

“எத்தினை நாளெண்டு போட்டிருக்கு?”

“பதினொண்டு.”

அம்மா கீரையைக் கீழே வைத்தார்.

“பதின்மூண்டு. முதல் ரெண்டு நாளும் நான் வேறை முகாம் வாசலிலை நிண்டிட்டன். அங்கைதான் கொண்டுபோனவங்கள் எண்டு ஆரோ பிழையாச் சொல்லிப்போட்டினம். கொப்பர் என்னை வாசலிலை கண்ட நாளிலையிருந்துதான் எண்ணினவர், முன்னம் நான் நிண்டது அவருக்குத் தெரியாது, நான் சொல்லேல்லை.” கொஞ்சம் யோசித்தார். “திருத்தி எழுது.”

“இனி எழுதி என்னம்மா, எழுதினவையும் இப்ப இருக்கமாட்டினம்.”

“பரவாயில்லை. நீ எழுது. பிழையா இருக்கக்கூடாது.”

சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, மனைவி அங்கே இருக்கவில்லை என்ற வரிக்குக் கீழே, தமிழில், பள்ளிக்கூடக் கையெழுத்தில் எழுதினேன்: மனைவி நின்றார். பதின்மூன்று நாள். எண்பத்தொன்று, ஆவணி.

அம்மா தாளைத் தன் பக்கம் திருப்பி, விரலை ஓட்டி வாசித்தார். மேலே இருந்த டெனிஷ் அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. இரண்டு தரம் வாசித்தார்.

“ஓம்” என்றார். “இதை அண்டைக்கே எழுதியிருக்கலாம்தானே.”